ஒட்டுத் தகடு முடியும் இடம்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. கூரையை அறுத்துத் திறந்த காராக்கிய பழைய வண்டி ஒன்று, உடம்பெல்லாம் பூ, முன்னால் நாகஸ்வரம், பின்னால் ஜெனரேட்டர். மாப்பிள்ளையோடு தோழனும் நாலு வாண்டுகளும் ஏறியதும் ஊர்வலம் கிளம்பிவிட்டது. மண்டப வாசலில் போய் நின்றபோதுதான் கதவு திறக்கவில்லை. இழுத்தார்கள், தட்டினார்கள், கடைசியில் மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கதவைத் தாண்டிக் குதித்தார். ஒரு பாட்டி சகுனம் சரியில்லை என்று முணுமுணுக்க, என் மாமா மட்டும் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்துவிட்டு, "நடுவுல தொங்குதுடா" என்றார். எல்லாரும் இறங்கியபின் அதே கதவு ஒரு விரலில் திறந்தது.

கூரை வெயிலுக்கும் மழைக்கும் போட்டது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஒரு தீப்பெட்டியை எடுங்கள். உள்தட்டை மட்டும் உருவி இரண்டு முனையையும் பிடித்து எதிரெதிராக முறுக்கினால் துணி போல முறுகும். மேலுறைக்குள் தள்ளிவிட்டு முறுக்கிப் பாருங்கள், அசையாது. அட்டை அதே அட்டைதான், மூடியிருப்பதுதான் வித்தியாசம். பெரும்பாலான கார்களில் சேசிஸ் என்கிற தனிச் சட்டம் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்த தகரப் பெட்டிதான் வண்டியைத் தாங்குகிறது. மோனோகாக் என்பார்கள். நம் அம்பாசடர்கூட அந்த வகைதான். அதில் கூரையை அறுப்பது தீப்பெட்டியின் மேலுறையைக் கழற்றி எறிவதற்குச் சமம். தொழிற்சாலைக்காரர்கள் இதைச் சும்மா செய்வதில்லை. 1949-இல் ஜெர்மனியின் கார்மன் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலைத் திறந்த காராகச் செய்யத் தொடங்கியபோது, கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் கூடுதல் சட்டங்களைப் பற்றவைத்துத்தான் கூரையை விட்டார்கள். கல்யாண ஊர்வலத்துக்காக அறுப்பவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் கும்பகோணத்தில் இருக்கும் நண்பன். அவன் தாத்தா வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று பல வருஷமாக மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் வைக்கோல் போருக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றது. அதைத் திறந்த ஸ்போர்ட்ஸ் காராக ஓட்ட வேண்டும் என்று ஒருநாள் கிளம்பிவிட்டான். பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தாலும் வண்டியைத் தேர்ந்ததில் அவனைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் உண்டு, அதன் கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது, ஸ்பேனர் வைத்துக் கழற்றிவிடலாம்.

அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் மோனோகாக்குக்குப் போய்க்கொண்டிருக்க, இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் மட்டும் ஏன் தனிச் சட்டத்துக்குத் திரும்பியது என்பது சுவையான கதை. அவர்களுக்கு உடல் தகடு அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழுப் பெட்டியாக அடித்துத் தர ஆள் இல்லை. சரி, சட்டத்தை நாமே செய்வோம், உடலைத் துண்டு துண்டாக வாங்கிப் போல்ட் போட்டு முடுக்குவோம் என்று இறங்கினார்கள். மிக்கெலோத்தி என்ற இத்தாலியர் வரைந்த ஹெரால்டு 1959-இல் வந்தது. சென்னையில் 1961 முதல் அதையே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் கட்டினார்கள். 1962-இல் அதே அடித்தளத்தில் பிறந்த தம்பிதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், 1980 வரை வந்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார். வரைந்தவரும் அதே மிக்கெலோத்தி.

அண்ணன் தம்பிக்குள் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. ஹெரால்டில் நடுவே இரண்டு பெட்டிச் சட்டங்கள் முதுகெலும்பு போல ஓடும், அவற்றிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீளும், கைகளின் நுனியில் வெளிச் சட்டங்கள். ஸ்பிட்ஃபயரில் சக்கரங்களுக்கிடையே தூரத்தை 2,324 மில்லிமீட்டரிலிருந்து 2,108-க்குக் குறைத்ததோடு அந்த வெளிச் சட்டங்களையும் எடுத்துவிட்டார்கள். அவற்றின் வேலை கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிக்குப் போனது. நம் பட்டறைகளில் ரன்னிங் போர்டு என்பார்களே, அந்த இடம். வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே ஒரு வலுத்தகடு என்று மூன்று அடுக்கு. பின் சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் கம்பிகூட அந்தக் காரில் சட்டத்தில் மாட்டாமல் உடலின் தரையில்தான் மாட்டியிருக்கும். அதனால் ஸ்பிட்ஃபயரில் ரன்னிங் போர்டு துருப்பிடித்தால் அது அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, கார் மடங்குகிற விஷயம். அதை மாற்றுகிறேன் என்று கதவு வாசலுக்குக் குறுக்கே முட்டுக்கம்பி பற்றவைக்காமல் பழையதை அறுத்தவர்களுக்கு, புதுசை வைத்து முடித்தபின் கதவு ஒருபோதும் சரியாக உட்காராது. வண்டி தொங்கின நிலையிலேயே பற்றவைத்து நிரந்தரமாக்கியிருப்பார்கள்.

நண்பனின் ஹெரால்டை ஒரு டிரெய்லரில் ஏற்றி மன்னார்குடி ரோட்டில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அறுவடை மெஷின், டிராக்டர் டிப்பர், கேஜ் வீல் இவைதான் அங்கே அன்றாட வேலை. பட்டறைக்காரர் சுத்தியலை எடுத்துச் சட்டம் நெடுகத் தட்டிக்கொண்டே போனார், டங் டங் என்று வந்த சத்தம் பாதி தூரத்தில் தப் தப் என்று மாறியது. பக்கக் கைகள் நாலில் மூன்று போய்விட்டிருந்தன. "அஞ்சு எம்எம் பிளேட்டு போட்டு ரெண்டு பக்கமும் அடிச்சிடுவோம் தம்பி, யானை ஏறினாலும் அசையாது" என்றார். எங்கள் ஊரில் டிப்பர் உடைந்தால் இதுதான் மருந்து. இன்னும் கனமாக ஒரு தகடு, அதுவும் விட்டால் அதைவிடக் கனமாக.

கனத்துக்கும் விறைப்புக்கும் உள்ள உறவு நாம் நினைக்கிற மாதிரி இல்லை. 50 மில்லிமீட்டர் அகலம், 1.6 மில்லிமீட்டர் தகடு, மூன்று பக்கம் மட்டும் உள்ள ப வடிவச் சேனல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தகட்டின் கனத்தை இரட்டிப்பாக்கினால் எடை இரண்டு மடங்கு, முறுக்குக்கு எதிரான விறைப்பு எட்டு மடங்கு. கனத்தைத் தொடாமல் நாலாவது பக்கத்தை அதே 1.6 தகட்டால் மூடிப் பற்றவைத்தால் எடை மூன்றில் ஒரு பங்குதான் கூடும், விறைப்போ கணக்குப்படி சுமார் 900 மடங்கு. நிஜ வண்டியில் சேனலின் முனைகள் பிடிபட்டிருப்பதால் வித்தியாசம் இவ்வளவு வராது, ஆனாலும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறதல்லவா? மூங்கிலை நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் போட்டுவிட்டு முறுக்கிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம்.

இதன் மறுபக்கம்தான் எங்களுக்கு உதவியது. ஹெரால்டின் நடுச் சட்டங்கள் ஏற்கனவே மூடிய பெட்டிகள். மூடிய பெட்டியின் தகட்டை இரண்டு மடங்கு கனமாக்கினால் விறைப்பும் வெறும் இரண்டு மடங்குதான், எட்டும் இல்லை 900-மும் இல்லை. ஆக, நல்லபடியாக இருக்கும் பெட்டியின் மேல் தகடு ஒட்டுவதில் பெரிய லாபம் கிடையாது. 100 மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளத்தில் அஞ்சு எம்எம் பட்டை இரண்டு போட்டால் கிட்டத்தட்ட 12 கிலோ இரும்பைச் சும்மா சுமந்துகொண்டு திரிவோம். கைகள் போன இடத்தில் புதிய கைகளை மூடிய பெட்டியாகச் செய்து வைப்பதும், துருவேறிய தகட்டை அறுத்து எடுத்துவிட்டு அதே கனத்தில் புதுத் தகடு பொருத்துவதும், இரண்டு சட்டங்களுக்கும் நடுவே குறுக்குச் சட்டம் சேர்ப்பதும்தான் வேலை. இன்னொன்று, விலை உயர்ந்த வலுவான ஸ்டீல் வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். சாதா மைல்டு ஸ்டீலும் உயர்வலு ஸ்டீலும் உடைவதற்கு முன் தாங்கும் பளுவில்தான் வேறுபடும், வளைகிற அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தொங்குவதைத் தடுக்க அந்தக் காசு உதவாது.

பட்டறைக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டார், ஆனால் சமாதானமாகவில்லை. "கனம் போட்டா உடையாதுல்ல?" என்றார். உடையாது, போட்ட இடத்தில். எங்கள் ஊர் வாய்க்காலில் பாலத்தை ஒட்டிக் கரையைக் கான்கிரீட் சுவராகக் கட்டினார்கள். அடுத்த ஐப்பசி வெள்ளத்தில் சுவர் அசையவில்லை. சுவர் முடிந்து மண்கரை தொடங்கும் இடத்தில் ஒரு ஆள் இறங்குகிற அளவுக்கு அரித்துப் போனது. டெல்டாவில் தண்ணீர் பாய்ச்சும் எவருக்கும் இது புதிசில்லை. இரும்பிலும் பளு தண்ணீர் மாதிரிதான் ஓடுகிறது. 1.6 சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் அஞ்சு எம்எம் தகடு வந்தால் அந்த இடம் வளையாது. வளைய வேண்டியதையெல்லாம் தகடு முடிகிற ஒரே கோட்டில் மெல்லிய சட்டம் வாங்கிக்கொள்ளும். போதாததற்கு அந்தக் கோட்டில்தான் வெல்டிங்கும் இருக்கிறது, வெல்டிங் சூட்டில் குணம் மாறிய இரும்பும் அங்கேதான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். ஒருநாள் மயிரிழை விரிசல்.

அதனால் தகட்டின் முனை எப்படி முடிகிறது என்பது கனத்தைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். சட்டத்துக்குக் குறுக்காக நேர்கோட்டில் வெட்டிப் பற்றவைக்கக் கூடாது. மீன் வாயைத் திறந்த மாதிரியோ, வைர வடிவிலோ, குறைந்தபட்சம் சாய்வாகவோ வெட்டினால் விறைப்பு படிப்படியாகக் குறைந்துபோய் முடியும். பளு அதிகம் வருகிற மேல்விளிம்பு, கீழ்விளிம்பு இரண்டிலும் குறுக்கு வெல்டிங்கைத் தவிர்க்க வேண்டும். ஒட்டுத் தகடு தாய்த் தகட்டின் கனத்திலேயே இருக்கலாம், மிஞ்சிப்போனால் கொஞ்சம் கூட. ஒட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் முடியாமல் வலது பக்கம் ஒரு தூரத்திலும் இடது பக்கம் வேறு தூரத்திலும் முடிந்தால் இன்னும் நல்லது. லாரிச் சட்டத்தைப் பாருங்கள், ப வடிவச் சேனல்தான், ரிவெட்டும் போல்ட்டும்தான். கரடுமுரடான ரோட்டில் அது முறுகிக் கொடுக்க வேண்டும் என்றே அப்படி விட்டிருக்கிறார்கள், அதன் விளிம்பில் ஓட்டை போடவோ பற்றவைக்கவோ கூடாது என்று தயாரிப்பாளர்கள் சொல்வதும் இதனால்தான். விறைப்பு எல்லா வண்டிக்கும் நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்போர்ட்ஸ் காருக்குத்தான் அது உயிர், ஏனென்றால் வளைவில் ஸ்பிரிங்கும் டயரும் செய்ய வேண்டிய வேலையைச் சட்டமே முறுகிச் செய்ய ஆரம்பித்தால் வண்டி ஸ்டீயரிங்குக்குச் சரியாகக் கட்டுப்படாது.

வெல்டிங் யார் செய்வது? திருச்சியில் பாய்லர் செய்யும் பெல் நிறுவனம் இருக்கிறது, அங்கேயே 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, துவாக்குடியைச் சுற்றி வீட்டுக்கு ஒரு வெல்டர் என்று சொல்லலாம். நண்பனின் மாமா மகன் பாய்லர் குழாய் பற்றவைத்தவர், ஐபிஆர் என்கிற பாய்லர் விதிப்படிச் சான்றிதழ் உள்ளவர். அவரையே கூட்டிவந்தோம். அவர் முதலில் செய்த காரியம், பட்டறையில் கிடந்த ராடு வெல்டிங் மெஷினைத் தள்ளி வைக்கச் சொன்னது. கனமான இரும்பில் அதற்கு ஈடில்லை, ஆனால் 1.6 தகட்டில், அதுவும் பாதி துரு தின்ற பழைய தகட்டில், ராடு வைத்த மாத்திரத்தில் ஓட்டை விழும். ஓட்டையை அடைக்க இன்னொரு பொட்டு, அதைச் சுற்றி இன்னொரு ஓட்டை. கரியமில வாயுவை ஊதிக்கொண்டே கம்பியை உருக்கும் சிஓ2 வெல்டிங், 0.8 எம்எம் கம்பி, சின்னச் சின்னப் பொட்டுகள். இங்கே ஒரு டேக், அதாவது பொட்டு, அடித்தால் அடுத்தது எதிர் முனையில், அப்புறம் நடுவில், அப்புறம் அந்தப் பக்கம். ஒரே இழுப்பில் ஒரு பக்கம் முழுக்கப் பற்றவைத்தால் ஆறும்போது அந்தப் பக்கம் சுருங்கி, ஒன்றரை மீட்டர் சட்டம் பூவன் பழம் மாதிரி வளைந்து நிற்கும்.

ஆடிக் காற்று வேறு. சிஓ2 வெல்டிங்கில் உருகும் இரும்பை மூடிக் காப்பது அந்த வாயுதான். அதை ஆடிக் காற்று அடித்துக்கொண்டு போனால் பற்றுக்குள் குமிழி குமிழியாகத் துளை விழும். தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிக்கொண்டு புழுக்கத்தில் வேலை நடந்தது. பேட்டரியைக் கழற்றியாச்சு, பெட்ரோல் டேங்கை இறக்கியாச்சு, பெயின்ட்டைச் சுரண்டியாச்சு, எல்லாம் சரியாகத்தான் செய்தோம். இரண்டாவது டேக் வைத்ததும் சட்டத்தின் பின்வாயிலிருந்து புகை வந்தது. அப்புறம் படபடவென்று சத்தம். எல்லாரும் எழுந்து ஓட, பட்டறைப் பையன் மட்டும் மூக்கை உறிஞ்சிவிட்டு "நெல்லுப்பொரி வாசனை வருதுண்ணே" என்றான். பெட்டிக்குள் எலி சேர்த்து வைத்த நெல், படியில் அளக்கிற அளவுக்கு. வைக்கோலும் பஞ்சும் சேர்ந்து கனன்றுகொண்டிருந்தது. தண்ணீர் பாய்ச்சி அணைத்து, கம்பி விட்டுக் குடைந்து எடுத்து, மறுநாள்தான் திரும்பத் தொடங்கினோம். மூடிய சட்டத்தில் நெருப்பு வைக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி எந்தக் கையேட்டிலும் போட்டிருக்க மாட்டார்கள், டெல்டாவில் போட வேண்டும்.

சட்டம் அழுகியதற்கும் அதே எலி வளைதான் பாதிக் காரணம். பெட்டிச் சட்டம் உள்ளேயிருந்துதான் துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கார் என்றால் உப்புக் காற்று. எங்கள் பக்கம் சேறும் பதரும். உமி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு விடவே விடாது. அதனால் புதிதாக மூடிய ஒவ்வொரு பெட்டிக்கும் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் இறங்க ஓட்டை விட்டோம், அதில் எலி நுழையாமல் வலைத்துண்டு வைத்தோம். வெல்டிங் எல்லாம் முடிந்தபிறகு உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பானைப் பீச்சியடித்தோம். முதலிலேயே அடித்திருந்தால் நெல்லுக்குப் பதில் மெழுகு எரிந்திருக்கும். அடியில் தாரை அப்பிவிடுகிற பழைய வழக்கம் எனக்குப் பிடிக்காது, அது தண்ணீரை வெளியே நிறுத்துவதைவிட உள்ளே பூட்டி வைப்பதே அதிகம்.

சட்டம் என்றதும் இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2021-இல் வந்த விதிப்படி 50 வருஷத்துக்கு மேற்பட்ட காரை விண்டேஜ் என்று பதியலாம், ஆனால் வண்டியின் சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. துரு தின்ற தகட்டை அதே கனத்தில் மாற்றுவதைப் பழுது என்று சொல்லி நிற்கலாம். குறுக்குச் சட்டம் சேர்ப்பது அந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்பதால் நண்பன் ரொம்ப யோசித்தான். கடைசியில் பழைய கைகள் இருந்த இடத்தில் புதுக்கைகளோடு நிறுத்திக்கொண்டான், குறுக்குச் சட்டம் வேண்டாம் என்று. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். சேசிஸ் எண் பொறித்த இடத்தை ஈரத்துணி போட்டு மூடி, நெருப்புப் பொறிகூடப் படாமல் பார்த்துக்கொண்டோம்.

உடலைத் திரும்ப இறக்கி முடுக்கியபின் சோதனை எளிமையானது. கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஐந்து ரூபாய் நாணயம் நுழைகிற இடங்களைச் சாக்பீஸால் குறித்தோம். முன்பக்கம் ஒரு மூலையில் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, திரும்பப் பார்த்தோம். முன்பு இதே மாதிரி தூக்கியபோது கதவு கவ்விக்கொண்டது. இப்போது நாணயம் போன இடத்திலெல்லாம் போனது, கதவும் திறந்தது. பிறகு நாங்கள் ஆறு பேர் ஏறி உட்கார்ந்து பார்த்தோம், மாமாவையும் சேர்த்து.

குறுவை அறுப்பு முடிந்து வண்டியைச் சரிபார்க்கக் கொண்டுபோனபோது பாய்லர் வெல்டர் சாயப் பரிசோதனை டப்பாக்களைக் கொண்டுவந்திருந்தார். சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடரை அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் உள்ளே தங்கிய சிவப்பு ஊறி வெளியே வரும். ஹெரால்டின் ஒட்டு முனைகள் ஒவ்வொன்றையும் பார்த்தார், வெள்ளையாகவே இருந்தது. டப்பாவில் மிச்சம் இருந்ததைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்காரர், வெளியே நெல் இறக்கிவிட்டு நின்ற டிப்பரைக் காட்டினார். போன வருஷம் அவரே அஞ்சு எம்எம் பிளேட்டு அடித்துக் கொடுத்தது. தகடு நேராக முடிந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புக் கோடு மெதுவாக எழுந்து வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய் கிரைண்டரை எடுத்துவந்தார்.